சீசரின் மூக்கும் அருளப்பு அண்ணையின் தடமும்

போன வியாழக்கிழமை விமான நிலையத்தில் ஒரு நாய் என்னைக் கைது செய்தது.

பெட்டிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன. யூனிஃபார்ம் போட்ட ஒரு பெண் கறுப்பு நாயொன்றை வாரில் பிடித்தபடி நடந்துவந்தார். நாய் எல்லாப் பெட்டிகளையும் தாண்டியது. என் சூட்கேஸுக்கு முன்னால் நின்றது. ஒருமுறை மூச்சை உள்ளே இழுத்தது. பிறகு — அப்படியே உட்கார்ந்துவிட்டது.

குரைக்கவில்லை. கீறவில்லை. சும்மா உட்கார்ந்தது.

திறந்து பார்த்தார்கள். சேர்ட்டுகளுக்கு நடுவே, ஐந்து பொலிதீன் பை சுற்றி, மனைவியின் தங்கை கொடுத்துவிட்ட ஒட்டி மீன் கருவாடு! நாய்க்கு ஒரு பிஸ்கட் கிடைத்தது. எனக்கு ஒரு பிரசங்கம் கிடைத்தது.

பிரசங்கம் என் காதில் ஏறவில்லை. அந்த நாய் உட்கார்ந்த விதத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘கண்டுபிடித்துவிட்டேன், இனி உன்பாடு’ என்று சொல்கிற உட்கார்தல். அதை நானும் ஒரு காலத்தில் ஒரு நாய்க்குப் பழக்கினேன். கண் தெரியாத நாய்க்கு.

அந்தக் கதையை இதுவரை இந்தப் பக்கத்தில் எழுதியதில்லை. எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. படியுங்கள், தெரியும்.

எண்பத்தாறு என்று ஞாபகம். நெடுந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு என்னை வாத்தியாராக அனுப்பியிருந்தார்கள். கல்யாணமாகாத இருபத்தேழு வயது. கடல் அடித்தால் படகு ஓடாது. படகு ஓடாவிட்டால் சனி, ஞாயிறுகூடப் புளியங்கூடலில் இருக்கும் வீட்டுக்குப் போக முடியாது. மாலை நான்கு மணிக்குப் பிறகு என்ன செய்வது? காற்றைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

எனக்கு முன் அந்த அறையில் இருந்தவர் இடமாற்றம் கிடைத்துப் போகும்போது ஒரு நாயை விட்டுவிட்டுப் போயிருந்தார். பெயர் சீசர். பெயர்தான் சக்கரவர்த்தி — விலா எலும்பை எண்ணலாம். நான் போய் இரண்டாம் மாதம் அதற்கு ஏதோ காய்ச்சல். ஒரு கிழமை சுருண்டு கிடந்தது. எழும்பியபோது இரண்டு கண்ணும் அவித்த முட்டைபோல வெள்ளை.

கதிரை, மேசைக் காலில் முட்டும். கதவு நிலையில் முட்டும். பிறகு முட்டுவதற்கும் மனமில்லாமல் மூலையில் படுத்துவிட்டது. சோற்றை மூக்குக்கு நேரே வைத்தாலும் எழும்பாது.

“உதைக் கடலிலை விட்டிட்டு வாறன், வாத்தியார். அதுக்கும் கரைச்சல், உமக்கும் கரைச்சல்” என்றான் சவிரி.

சவிரி மீன்பிடிப்பவன், என் வயதுக்காரன். அவனுடைய தமையன் மனைவி பிலோமினா அக்காவின் வீட்டில்தான் எனக்கு இரண்டு நேரச் சாப்பாடு. அக்காவின் கணவர் அருளப்பு, நான் தீவுக்குப் போவதற்கு இரண்டு மாதம் முன்பு, ஒரு விடியற்காலை தனியாகப் படகெடுத்துக்கொண்டு போனவர். திரும்பவில்லை. படகும் திரும்பவில்லை. ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை.

அந்த யுத்த வருடங்களில் கடலுக்குப் போனவர் வரவில்லையென்றால்... எங்கே போய் விசாரிப்பது? யாரைக் கேட்பது?

முப்பத்தோராம் நாள் கோயிலில் இறந்தவருக்கான பூசை வைக்க வேண்டும் என்று ஊரார் சொல்லியிருக்கிறார்கள். அக்கா சம்மதிக்கவில்லை. “ஆளைக் காணேல்லை எண்டுதானே எல்லாரும் சொல்லினம்? செத்தது எண்டு ஆரும் சொல்லேல்லையே” என்றாராம். அதன்பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. நிறச் சேலை கட்டினார். தாலியும் கழுத்தில் இருந்தது. எனக்குச் சோறு போடும்போது பக்கத்தில் இன்னொரு சோற்றுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருப்பார். அது யாருக்கு என்று நான் கேட்டதில்லை.

நாய்க் கதைக்கு வருகிறேன்.

நாய்க்குக் கண் இரண்டாம்பட்சம், மூக்குத்தான் முதல் என்று எங்கேயோ படித்திருந்தேன். அப்படியென்றால் சீசர் இழந்தது சின்னப் பொருளைத்தானே? அதை அதற்கு யார் எடுத்துச் சொல்வது?

ஒரு பாரைக் கருவாட்டுத் துண்டை நூலில் கட்டி, முற்றத்தில் பத்தடி தூரம் இழுத்து, முடிவில் ஒரு கல்லுக்குப் பின்னால் வைத்தேன். மூன்று நாள் சீசர் அசையவில்லை. நான்காம் நாள் மூக்கு மட்டும் அசைந்தது. ஐந்தாம் நாள் எழுந்து, நடுங்கிக்கொண்டே, ஒவ்வொரு அடியாக... போய்க் கருவாட்டைக் கவ்விவிட்டது! யாராவது பார்த்திருந்தால் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். முற்றத்தில் நின்று கைதட்டினேன்.

கருவாட்டுக்குப் பிறகு என்னுடைய காலுறை. கழுத்தில் கட்டாமல் நெஞ்சைச் சுற்றிக் கட்டிய நீளக் கயிறு. காலுறையை முகரக் கொடுப்பது, நான் ஏற்கெனவே நடந்த வழியில் விடுவது, முடிவில் நான் போட்டுவைத்த பொருளைக் கண்டால் உட்காரப் பழக்குவது. உட்கார்ந்தால் ஒரு துண்டுக் கருவாடு.

நெடுந்தீவைத் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அங்கே ஒழுங்கைகளின் — குறுகிய தெருக்களின் — இரண்டு பக்கமும் முருகைக்கல், அதாவது பவளக்கல், மதில். சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கியது. காற்று அந்தக் கல்லிடுக்குகளில் புகுந்து விதவிதமாக ஊதும். மணமும் அங்கேதான் போய் ஒதுங்கும். நான் நடு ஒழுங்கையில் நடந்திருப்பேன். சீசர் மதிலோரமாக, மீசை கல்லில் உரச, என் மணத்தைப் பிடித்துக்கொண்டு போகும். வெயில் நேரத்தில் தடுமாறும். ஈரமான மாலையென்றால் தவறவே தவறாது. கண்ணுள்ள நாய் கோழியைப் பார்க்கும், ஆட்டைப் பார்க்கும். இதற்கு அந்தத் தொந்தரவும் இல்லை.

ஆறு மாதத்தில், பனங்காட்டுக்குள் ஒளிந்திருந்த எங்கள் கணக்கு வாத்தியாரைப் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்தது. அவர் கத்திய கத்தலில் பக்கத்து வளவுக்காரர் ஓடிவந்தார்.

ஊரில் கதை பரவியது. சவிரியின் காதுக்கும் போனது.

ஐப்பசி மாதம். முதல் மழை விழுந்து மண் ஈரமாக இருந்தது. கடற்கரையில் அவனுடைய வாடிக்கு — வலை, துடுப்பு வைக்கும் கொட்டிலுக்கு — முன்னால் என்னை மறித்தான்.

“உம்மடை நாய் ஆரையும் பிடிக்குமோ?”

“மணம் இருந்தால் பிடிக்கும்.”

உள்ளே போய் ஒரு பிஸ்கட் தகரத்தைக் கொண்டுவந்தான். மூடியை நெம்பித் திறந்தான். உள்ளே ஒரு பழைய துவாய்த் துண்டு.

“அண்ணற்றை. கடைசியாப் போகேக்கை இஞ்சை விட்டிட்டுப் போனது. ஆரும் தோய்க்கேல்லை” என்றான். “குடுத்துப் பாரும். கடலுக்கை இறங்குதோ பாப்பம்.”

குரலில் கிண்டல் இருந்தது. கிண்டலுக்கு அடியில் வேறொன்றும் இருந்தது.

நான் ஒப்புக்கொண்டேன். மனதில் ஒரு வாத்தியார் கணக்கு: பத்து மாதத்துக்கு முன் போனவரின் தடம் எங்கே இருக்கப்போகிறது? நாய் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடமே திரும்ப வேண்டும். ‘இல்லை’ என்று சொல்லவும் அது பழகத்தானே வேண்டும்?

சீசர் துவாய்க்குள் மூக்கை விட்டது. அருளப்பு அண்ணையை அதற்குத் தெரியாது; அவர் அந்த வீட்டில் இருந்த காலத்தில் அது அந்தப் பக்கமே போனதில்லையாம். இரண்டு தரம் வட்டமடித்தது. பிறகு கயிறு விறைத்தது.

கடலுக்குள் இறங்கவில்லை. கரையோரமாக, தலையைத் தாழ்த்தி, தயக்கமே இல்லாமல் முனைப் பக்கம் நடந்தது. முனையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பாறை. அதன் நுனிவரை போய் நின்றது. அந்த வெள்ளைக் கண்களைக் கடலுக்கு நேரே நிமிர்த்தியது. வால் மெல்ல ஆடியது.

பாறைக்குக் கீழே தீவின் கட்டைக் குதிரைகள் நாலைந்து நின்றன. ஒன்றும் மேயவில்லை. எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றன.

சீசர் திரும்பியது. ஒழுங்கைக்குள் ஏறியது. மதிலோரமாக ஒரு வளைவு, இன்னொரு வளைவு... ஒரு வீட்டின் பின்படலைக்கு, பின்பக்க வாசல் கதவுக்கு, முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

பிலோமினா அக்காவின் வீடு.

கடலுக்குப் போனவர் வீட்டுக்கு வந்திருக்கிறார். பத்து மாதத்துக்கு முன் அல்ல. அன்றைக்கோ, முதல்நாளோ.

சவிரி குனிந்து படலையடி மண்ணைப் பார்த்தான். ஈரமண்ணில் பெரிய செருப்புத் தடம். இடது குதிக்காலில் ஒரு துண்டு இல்லை.

“அண்ணற்றை செருப்பு. எலி கடிச்சது” என்றான்.

“அப்ப...”

“அப்ப என்ன அப்ப? கடலுக்குப் போற மனிசன் செருப்புப் போட்டுக்கொண்டோ போனவர்? அது வீட்டிலை கிடந்தது. ஆரோ ஒருத்தன் அண்ணற்றை உடுப்பைப் போட்டுக்கொண்டு, அண்ணற்றை வீட்டுப் படலையாலை போய்வாறான்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான். “வாத்தியார்... நீர் எத்தினை மணிக்குச் சாப்பிட வாறனீர்?”

என்ன கேள்வி இது! நான் பேயென்று பயந்துகொண்டு நிற்கிறேன். அவன் ஆளென்று முடிவுகட்டிவிட்டான். அந்த ஆள் நானாகவும் இருக்கலாம் என்பதுவரை போய்விட்டான். மனிதர்களில் இரண்டு சாதி: இருட்டில் பேயைக் காண்பவர்கள், இருட்டில் பக்கத்து வீட்டுக்காரனைக் காண்பவர்கள். இரண்டாவது சாதியிடம்தான் ஆயுதம் இருக்கும்.

“ஒளிச்சு வாறவன் இருட்டுப்படேக்கைதான் வருவான். நாளைக்கு மம்மலிலை நான் முனையடியிலை நிப்பன்” என்றான். அங்கே மம்மல் என்பது முகம் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற அந்திநேரம். “மண்டா கொண்டுவருவன்.”

மண்டா என்றால் மீன் குத்துகிற ஈட்டி.

மறுநாள் மதியம் சாப்பிடப் போனேன். அக்கா வழக்கம்போலச் சோறு போட்டார். கவிழ்த்த கோப்பை பக்கத்தில் இருந்தது. குசினி வாசலில் அந்தச் செருப்பு. விளிம்பில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

சொல்லிவிடலாம். ‘அக்கா, யார் வந்து போனாலும் இன்றைக்கு வரவேண்டாம் என்று சொல்லுங்கள்.’ எவ்வளவு எளிது! ஆனால் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்பது? சுற்றிவளைத்தேன்.

“அக்கா, பின்னேரங்களிலை பின்படலையாலை ஆரும் வந்து போறவையோ?”

அவர் கை நின்றது. “ஆர் தம்பி வரப்போகினம்? வரவேண்டிய ஆள் வரும்.”

பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினேன்.

பின்னேரம் பள்ளிக்கூடத்தில் இருந்து வந்ததும் கணக்குப் போட்டேன். சவிரிக்கு முன்னால் நான் அங்கே போய்விட வேண்டும். வந்தவன் யாராக இருந்தாலும் ஓடச் சொல்ல வேண்டும். துவாய்த் தகரத்தைச் சவிரி என்னிடமே விட்டுப் போயிருந்தான். சீசரைக் கூட்டிக்கொண்டு பின்படலைக்குப் போனேன். வீடு சாத்தியிருந்தது. துவாயை முகரக் கொடுத்தேன்.

கயிறு உடனே விறைத்தது. நேற்றைய தடமல்ல, புதுத் தடம். சீசர் ஓட்டமும் நடையுமாக இழுத்தது. வெளிச்சம் கரைந்துகொண்டிருந்தது. எனக்கு முன்னால், வளைவுகளுக்கு அப்பால், கல்லில் செருப்புத் தேயும் சத்தம் கேட்டதுபோல இருந்தது. நின்று காது கொடுத்தால் காற்று மட்டும்.

ஒழுங்கை முடிந்தது. முனை தெரிந்தது.

பாறை நுனியில் ஒரு ஆள்.

கட்டம் போட்ட சேர்ட், மடித்துக் கட்டிய சாரம், தலையில் துண்டு. கடலைப் பார்த்தபடி அசையாமல் நின்றது அந்த உருவம். பிலோமினா அக்கா வீட்டுச் சுவரில் ஒரு படம் தொங்கும். அருளப்பு அண்ணை படகில் சாய்ந்து நிற்கிற படம். அதே சேர்ட்.

கத்த வாய் திறந்தேன். அதற்குள் வலப்பக்க மதிலுக்குப் பின்னால் இருந்து இன்னொரு உருவம் எழுந்தது. சவிரி. எனக்கு முன்னாலேயே வந்து பதுங்கியிருந்திருக்கிறான். மண்டாவை உயர்த்திப் பிடித்தபடி பாறையில் கால் வைத்தான்.

கயிறு என் கையில் இருந்து நழுவியது. நானாக விடவில்லை. சீசர் சவிரியைத் தாண்டி, பாறை இடுக்குகளை மூக்கால் தடவித் தடவி, நேரே போய் அந்த உருவத்தின் காலடியில் உட்கார்ந்தது. வால் ஆடியது.

உருவம் குனிந்தது.

“சீசரே... நீயோடா? என்னைக் கண்டுபிடிச்சிட்டியோ?”

பெண்குரல்.

மண்டா பாறையில் விழுந்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. குதிரைகள் மிரண்டு ஓடின.

“மச்சாள்!” என்றான் சவிரி. தமையன் மனைவியை அவன் அப்படித்தான் கூப்பிடுவான். “மச்சாள், உதென்ன விசர் வேலை? குத்தியிருப்பன்... இப்ப குத்தியிருப்பன்...” அப்படியே பாறையில் குந்திவிட்டான்.

பிலோமினா அக்கா தலைத்துண்டை அவிழ்த்தார். கொஞ்சமும் பதறவில்லை.

“பொம்பிளை ஒருத்தி மம்மலிலை தனியக் கடற்கரையிலை நிண்டால் சனம் என்ன கதைக்கும் சவிரி? ஆம்பிளை நிண்டால் ஆரும் திரும்பிப் பாக்காயினம்.” சேர்ட்டின் கையை முகத்தோடு சேர்த்துப் பிடித்தார். “முதல் வீட்டுக்குள்ளைதான் போட்டனான். பிறகு நினைச்சன்... அவர் எங்கையும் தூரத்திலை நிண்டு பாத்தால் தன்ரை சட்டை தெரியட்டும் எண்டு.”

சவிரி மண்டாவைக் கையால் அப்பால் தள்ளிவிட்டான்.

“தம்பி” என்று என் பக்கம் திரும்பினார். “நாய் எதை மணந்து வந்தது?”

“அண்ணற்றை துவாய், அக்கா.”

“அப்ப இந்தச் சட்டையிலை அவரின்ரை மணம் இன்னும் இருக்குதோ?” கழுத்துப்பட்டியை மூக்கில் வைத்து இழுத்தார். “எனக்கு இப்ப மணக்கேல்லையடா தம்பி. ரெண்டு மாசமா மணக்கேல்லை. தோய்க்காமல்தான் வைச்சிருக்கிறன். நான் போடப் போட அவர் போறார் எண்டு தெரியுது. போடாமலும் இருக்க ஏலாது.”

“இருக்குது அக்கா” என்றேன். “இல்லாட்டி சீசர் வந்திராது.”

அன்றைக்குத்தான் அவர் அழுததைப் பார்த்தேன். சவிரி துவாய்த் தகரத்தின் கதையைச் சொன்னான். அதைத் தொட்டுப்பார்க்கக்கூட அவர் மறுத்துவிட்டார். தன் கை பட்டால் அதுவும் போய்விடுமாம்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களுக்கு ஒரு வேலை. கோயில் முடிந்து வந்ததும் சவிரி துவாயை வளவுக்குள் எங்காவது ஒளித்துவைப்பான். அக்கா சேர்ட்டின் கழுத்துப்பட்டியைச் சீசருக்கு முகரக் கொடுப்பார். நாய் போய்த் துவாயைக் கண்டுபிடித்து உட்கார வேண்டும். உட்கார்ந்தால் சேர்ட்டில் அவர் இருக்கிறார். ஒவ்வொரு ஞாயிறும் அது உட்கார்ந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அக்கா எங்களுக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தார். யாரும் சிரிக்கவில்லை.

சீசருக்கு அருளப்பு அண்ணை இறந்தவர் அல்ல, பாருங்கள். தினமும் நடந்து திரிகிற ஒரு மனிதர்.

இப்போது இதுவரை யாருக்கும் சொல்லாததைச் சொல்லப்போகிறேன்.

மார்கழியில் அக்காவுக்குக் கடுங்காய்ச்சல். நாலு நாள் படுக்கை. சேர்ட் அலுமாரிக்குள். இரண்டு இரவு நல்ல மழை. ஐந்தாம் நாள் பின்னேரம் மழை விட்டதும் துவாயை எடுத்துக்கொண்டு சீசரோடு வாடிக்குப் போனேன். தடம் கழுவப்பட்டிருக்கும், இன்றைக்காவது ‘இல்லை’ என்பதைப் பழக்கலாம் என்று.

துவாயை முகர்ந்தது. கயிறு விறைத்தது.

கரையோரம். முனை. பாறை நுனி. கடலைப் பார்த்து வால் ஆட்டல். பிறகு ஒழுங்கை. பின்படலை. உட்கார்ந்தது.

நான் திரும்பிப் பார்த்தேன். மழை கழுவிய மணலில் என் கால் தடம். நாயின் தடம். வேறெதுவும் இல்லை.

அந்த நேரம் சீசர் எழுந்தது. படலையை விட்டு ஓரடி விலகி நின்றது — ஒருவருக்கு வழிவிடுவதுபோல. வெள்ளைக் கண்கள் யாரையோ பின்தொடர்வதுபோல வீட்டுப் பக்கம் திரும்பின.

பழகிய வழி, கால் தானாகப் போயிருக்கும். முருகைக்கல்லின் துவாரங்களில் மணம் மழைக்குப் பிறகும் தங்கியிருக்கும். இப்படிக் காரணங்கள் இருக்கின்றன. நாற்பது வருடமாக நானும் எனக்குச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அன்றைக்கு நான் நடக்கவில்லை. அறைவரைக்கும் ஓடினேன்.

அக்காவிடம் சொல்லவில்லை. சவிரியிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அக்கா இன்னும் அந்தப் பாறையில் நின்றிருப்பார் என்று எனக்குப் பயம்.

தபசுகாலம் வந்தது. ஈஸ்டருக்கு முன்னர் ஒரு ஞாயிறு. வழக்கம்போலச் சவிரி துவாயை ஒளித்தான் — வெறும் பத்தடி தூரத்தில், கிணற்றுக்கட்டுக்குப் பின்னால். அக்கா சேர்ட்டைக் கொடுத்தார். சீசர் முகர்ந்தது. முற்றத்தைச் சுற்றியது. கிணற்றைத் தாண்டிப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் சேர்ட்டை முகர்ந்தது.

பிறகு நேரே போய்ப் பிலோமினா அக்காவின் முன்னால் உட்கார்ந்துவிட்டது.

“காத்து மாறி அடிக்குது மச்சாள், இன்னொருக்காப் பாப்பம்” என்றான் சவிரி. அன்று காற்றே இல்லை.

அக்கா நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அது கருவாட்டுக்காகக் காத்திருந்தது. தன் வேலையைச் சரியாகச் செய்த நிம்மதி அதன் முகத்தில். அவர் உள்ளே போய் ஒரு துண்டு எடுத்துவந்து கொடுத்தார். அதன் தலையைத் தடவினார்.

“சரி” என்றார். “இனி இது என்ரை சட்டை.”

கிணற்றடிக்குப் போய், வாளியில் தண்ணீர் அள்ளி, சவர்க்காரம் போட்டுச் சேர்ட்டைத் தோய்த்தார். உதறிக் கொடியில் போட்டார். கையைத் துடைத்துக்கொண்டே சவிரியிடம் சொன்னார்:

“சுவாமியாரிட்டைக் கேட்டு ஒரு நாள் சொல்லு. பூசை வைப்பம்.”

பூசைக்கு ஊரே வந்தது. அக்கா வெள்ளைச் சேலை கட்டியிருந்தார். நான் பள்ளியின் மூன்றாம் தவணையோடு இடமாற்றமாகிப் போனேன். போகும்போது சீசரை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகும் அந்தச் சேர்ட்டைப் போட்டுக்கொண்டுதான் அடுப்படி வேலை செய்கிறாராம் என்று சவிரி கடிதம் எழுதியிருந்தான். முனைப் பக்கம் போவதில்லையாம்.

ஆள் இல்லையென்று சொல்லித் தர அந்த நாட்களில் ஒரு அரசாங்கக் கந்தோரும் முன்வரவில்லை... ஒரு குருட்டு நாய்தான் முன்வந்தது.